நிக்கனோரின் வரிக் கணக்கு

சலாமி இறைச்சி வெட்டிக்கொண்டிருந்த கத்தியைப் பலகையிலேயே போட்டுவிட்டு, எலாடியோ கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"யாரு? இன்னொரு தடவை சொல்லு."

"நிக்கனோர்தான். கையெழுத்துப் போடுறேன்னு ஒத்துக்கிட்டான்" என்றாள் மில்கேயா, மாசசூசெட்ஸிலிருந்து.

நிக்கனோர் அவளுடைய முதல் கணவன். எலாடியோ இரண்டாவது. கடலுக்கு இந்தப் பக்கம் மோகா என்ற ஊரில் மளிகைக் கடை வைத்திருக்கும் இந்த இரண்டாவது கணவனைத் தன்னோடு அழைத்துக்கொள்ள அவள் விசா மனுப் போட்டு, அது எப்படியோ தேறியும் விட்டது. இடித்தது அவள் சம்பளம். அவளுக்கு லாரன்ஸ் நகரில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. கோடையில் பள்ளியை மூடினால் சம்பளத்தையும் மூடிவிடுவார்கள். வருகிறவன் அரசாங்கத்துக்குப் பாரமாக மாட்டான் என்று உறுதி கொடுக்க அந்த வருமானம் போதாது, கூட இன்னொருவர் ஜாமீன் நிற்க வேண்டும், அவர் வரிக் கணக்கையும் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

"ஊர்ல வேற ஆளே கிடைக்கலையா உனக்கு?"

"என் தம்பி அவன் மாமியாருக்குக் கையெழுத்துப் போட்டுட்டு முழிச்சுக்கிட்டு இருக்கான். உன் அத்தை பையன் கூலியைக் கையில வாங்குறவன், வரின்னா என்னன்னே தெரியாது அவனுக்கு. நிக்கனோர் எண்ணெய் லாரி ஓட்டுறான், வருஷா வருஷம் கணக்குக் காட்டுறான். நமக்குத் தெரிஞ்சவங்கள்ல யோக்கியமா வரி கட்டுறவன் அவன் ஒருத்தன்தான்."

பெண்டாட்டி வாயால் அவளுடைய பழைய புருஷனுக்கு நற்சான்றிதழ் கேட்கும் கொடுமை எந்த மனுஷனுக்கும் வரக் கூடாது.

"பேசாம நீ இங்க வந்துடேன். எத்தனை தடவை சொல்லிட்டேன். கடை இருக்கு, வீடு இருக்கு, யாரிசெலையும் கூட்டிக்கிட்டு வா. எவன் கையெழுத்தும் நமக்கு வேண்டாம்."

"இது நடக்கலைன்னா வந்துடுறேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்ல? ஸ்கூல் மூடுன மறுநாளே பொட்டியைக் கட்டிடுவேன், எல்லார்கிட்டயும் சொல்லியும் வச்சிருக்கேன். முதல்ல இதைப் பார்ப்போம்."

யாரிசெல் அவளுக்கும் நிக்கனோருக்கும் பிறந்த பெண், பதினோரு வயது. வாரம் முழுக்க அம்மாவோடு, சனி ஞாயிறு அப்பாவோடு. புதன்கிழமைதோறும் தொலைபேசியில் எலாடியோவோடு பேசுவாள். பேச்சோடு பேச்சாகத் தன்னைப் 'பாப்பி', அதாவது அப்பா, என்று கூப்பிட அவளைப் பழக்கியிருந்தான். முதலில் சிரித்து மழுப்பினாள். கிறிஸ்துமஸுக்குப் பிறகு அவளாகவே 'பாப்பி' என்று கூப்பிட ஆரம்பித்தாள். அன்றைக்கு எலாடியோ கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அதைச் சொல்லி மாய்ந்து போனான். அந்த ஒரு விஷயத்தில் நிக்கனோரை ஜெயித்துவிட்டதாக அவனுக்கு ஒரு கணக்கு.

கடை வாசலில் டோமினோ ஆடுகிறவர்களுக்கு இந்தக் கையெழுத்து விஷயம் தெரிந்தது பெரிய பிழையாகப் போயிற்று. லாட்டரிச் சீட்டு விற்கும் சில்வெரியோ கட்டையை மேசையில் டக்கென்று அறைந்தான்.

"ஏர்போர்ட்டுக்கு உன்னைக் கூட்டிக்கிட்டுப் போக யார் வர்றாங்க? அதுவும் அந்த மகராசன்தானா?"

"உன் ஆட்டத்தைப் பாரு."

"இல்ல, ஒரு பேச்சுக்குக் கேட்டேன். ஜாமீன் போட்டவன் சும்மா இருப்பானா? சரக்கு நல்லபடியா இருக்கான்னு அப்பப்ப வீட்டுக்கு வந்து பார்க்க மாட்டான்?"

நாலு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எலாடியோ அன்றைக்கு அவர்களுக்குக் கடனுக்குப் பீர் கொடுக்கவில்லை.

விசா நேர்முகத்துக்கு நாள் குறித்து வந்ததும் மில்கேயா காகிதங்களை எல்லாம் அனுப்பினாள். பூங்காவுக்கு எதிரே அச்சுக்கடை வைத்திருக்கும் கிறிசெல்டா அவற்றை அச்செடுத்துக் கொடுத்தாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியும். எலாடியோ காசைக் கொடுத்துவிட்டு நகராமல் நின்றான்.

"அவன் கணக்கைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லேன்."

"உனக்கு எதுக்குப்பா அது? கொண்டு போய்க் குடுத்தா போதும்."

"சொல்லேன்."

கிறிசெல்டா கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். "லாரி கம்பெனிச் சம்பளம். பேங்க் வட்டி கொஞ்சம். கல்யாணம் ஆகாதவர்."

"இன்னுமா ஆகலை? எதுக்குக் காத்துக்கிட்டு இருக்கான்?"

"அதெல்லாம் இதுல எழுத மாட்டாங்க. அப்புறம், புள்ளை பேரு, யாரிசெல். ஒரு வருஷம் அப்பா கணக்குல, ஒரு வருஷம் அம்மா கணக்குலன்னு பேசி வச்சுக்கிட்டு இருப்பாங்க போல."

பேசி வைத்துக்கொள்கிறார்களாம். எலாடியோவின் காது மடல் சூடானது. "மில்கேயா கணக்கைப் பாரு."

"இவங்க குடும்பத் தலைவி. புருஷன் வெளிநாட்டுல, புள்ளை கூடவே இருக்குது இல்ல, அதனால வரிக்கு மட்டும் கல்யாணம் ஆகாதவங்க மாதிரி எடுத்துக்குவாங்க. சட்டப்படி சரிதான்."

"என்ன சரி? கல்யாணம் ஆகாதவங்க ரெண்டு பேரும் ஒரே கவர்ல இருக்காங்க. கல்யாணம் பண்ணிக்கிட்ட நான் வெளியில நிக்கிறேன்."

"அட, கிறுக்கா" என்றாள் கிறிசெல்டா. "வரிக் கணக்கைப் படிச்சுட்டுப் பொறாமைப்படுற ஆம்பளையை இப்பத்தான் பார்க்குறேன்."

ஆனாலும் அவன் விடவில்லை. வியாபாரம் இல்லாத நேரமெல்லாம் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து அந்தத் தாள்களைப் புரட்டினான். மொழி புரியாது, எண்கள் புரிந்தன. நிக்கனோரின் சம்பளத்தை எடுத்துத் தன் கடை வரும்படியோடு ஒப்பிட்டுப் பார்த்து நொந்துகொள்வான். கடைசித் தாளில் இருந்த கையெழுத்து அழகாக இருந்ததில்கூட அவனுக்குக் கோபம்.

மே மாதத்தில் ஒரு விடியற்காலைப் பஸ்ஸில் தலைநகரம் போய்ச் சேர்ந்தான். தூதரகத்தில் கண்ணாடிச் சன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் அதிகாரி மரியாதையாகத்தான் பேசினாள். எங்கே சந்தித்தீர்கள், கல்யாணத்துக்கு யார் யார் வந்தார்கள் என்பதற்கெல்லாம் எலாடியோ பதிலை மழை மாதிரிப் பொழிந்தான். பிறகு அவள் இரண்டாவது காகிதக் கட்டை எடுத்தாள்.

"இந்த நிக்கனோர் உங்களுக்கு என்ன வேணும்?"

"என் பொண்டாட்டியோட பழைய புருஷன்."

பின்னால் வரிசையில் யாரோ இருமினார்கள்.

"நாளைக்கு நீங்க ரெண்டு பேரும் பிரிஞ்சாக்கூட இந்தப் பொறுப்பு அவரை விட்டுப் போகாது. தெரியுமா உங்களுக்கு? அவர் எதுக்கு இதுக்குச் சம்மதிச்சார்?"

"அதைத்தாம்மா நானும் ரொம்ப நாளா கேட்டுக்கிட்டு இருக்கேன்."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு சீட்டை நீட்டினாள். ஏப்ரல் முடிந்துவிட்டதால் ஜாமீன்தாரரின் இந்த வருட வரிக் கணக்கு வேண்டும், கோப்பில் இருப்பது போன வருடத்தது. அது வந்து சேர்ந்தால் விசா, வராவிட்டால் இல்லை.

வெளியே வந்து மில்கேயாவை அழைத்தான். அவள் அடுப்படி இரைச்சலுக்கு நடுவே கேட்டுக்கொண்டாள்.

"நீயே அவன்கிட்ட கேளு."

"நானா?"

"நான் கேட்டா, எதுக்குப் பேசுன, எவ்வளவு நேரம் பேசுன, சிரிச்சியான்னு குடைவ. எனக்குச் சலிச்சுப் போச்சு எலாடியோ. நம்பர் அனுப்புறேன். நீ வரணும்னா கேளு."

ஊர் திரும்பி இரண்டு நாள் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தான். கேட்காமல் விட்டால் அவளே பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடுவாள் என்ற ஆசையும் இருந்தது. ஆனால் அப்படி வருகிறவள் எந்த முகத்தோடு வருவாள் என்றும் தெரிந்தது. மூன்றாம் நாள் கடைக் கதவைச் சாத்திவிட்டு அழைத்தான்.

"யாரு?" என்றது கனமான குரல். பின்னால் லாரி உறுமியது.

"நான் எலாடியோ. மோகாவிலேர்ந்து. உங்க இந்த வருஷத்து வரிக் கணக்கு வேணுமாம்."

"இன்னைக்குச் சாயங்காலம் அனுப்பிடுறேன்."

அவ்வளவுதான். ஒரு திட்டில்லை, கேலியில்லை. அதுவே எலாடியோவைக் கிளறிவிட்டது.

"ஒண்ணு கேக்கணும். எதுக்காக எனக்குக் கையெழுத்துப் போட்டீங்க?"

லாரியின் உறுமல் நின்றது.

"உனக்கா? உன்னை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. உன்னைவிட மோசமானவனா இருந்தாலும் போட்டிருப்பேன்."

"அப்புறம் ஏன்?"

"நீ இங்க வரலைன்னா அவ அங்க வந்துடுவா. என்கிட்ட நேர்லயே சொல்லிட்டா. பொண்ணையும் கூட்டிக்கிட்டுத்தானே வருவா? வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனா யாரிசெல் பையைத் தூக்கிக்கிட்டு என் வீட்டுப் படி ஏறி வருது. எனக்கு இருக்கிறது அது ஒண்ணுதான். அதை நீ கடலுக்கு அந்தப் பக்கம் கொண்டு போயிடுவியோன்னு பயந்துக்கிட்டே கிடந்தேன்."

நிக்கனோரிடம் இருப்பதையெல்லாம் எண்ணி எண்ணி எலாடியோ வெந்துகொண்டிருந்தான். அந்த மனுஷன் அங்கே உட்கார்ந்து இவனை நினைத்து நடுங்கிக்கொண்டிருந்திருக்கிறான்.

"கணக்கை அனுப்புறேன்" என்றான் நிக்கனோர். கொஞ்சம் தயங்கினான். "பதிலுக்கு ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"போன வாரம் என்னைக் கூப்பிட வந்த வாயில உன் பேரு வந்துடுச்சு பொண்ணுக்கு. 'எலாடியோ பாப்பி'ன்னு சொல்லிட்டு நாக்கைக் கடிச்சுக்கிச்சு. நீ இங்க வந்து நல்லா இரு. அதை ஸ்கூலுக்குக் கூட்டிக்கிட்டுப் போ, சோறு போடு, தப்பு செஞ்சா அதட்டு. அந்த ஒரு வார்த்தையை மட்டும் எனக்கு விட்டுடு."

"சரி" என்றான் எலாடியோ.

சொன்னபடி அன்று சாயங்காலமே வரிக் கணக்கு வந்தது. எலாடியோ அதைக் கிறிசெல்டாவிடம் படிக்கச் சொல்லாமல் அப்படியே தூதரகத்துக்கு அனுப்பி வைத்தான்.

புதன்கிழமை வழக்கம்போல அழைப்பு வந்தது. "பாப்பி, விசா வந்துடுமா?" என்று ஆரம்பித்தாள் யாரிசெல்.

"வந்துடும். இந்தா பாரு, என்னை எலாடியோன்னே கூப்பிடு. பாப்பின்னு வேண்டாம்."

"ஏன்?"

"உனக்குத்தான் ஒருத்தர் இருக்காரே."

அவள் கொஞ்சம் கெஞ்சுவாள், அடம் பிடிப்பாள் என்று அவன் எதிர்பார்த்துக் காத்திருந்தான்.

"சரி, எலாடியோ" என்றாள் அவள் உடனே. பள்ளிக்கூடப் பையைத் தோளிலிருந்து இறக்கி வைத்த மாதிரி அவள் குரல் லேசாகிவிட்டது. பிறகு தன் பள்ளிக்கூடக் கதையைச் சொல்லிக்கொண்டே போனாள், எலாடியோ ம் கொட்டிக்கொண்டே இருந்தான். கடையில் அரை பவுண்டு சலாமி கேட்டு நின்ற பெண்மணிக்கு ஒரு பவுண்டை வெட்டிக் கொடுத்துவிட்டான்.