இரண்டு கரண்டி விளக்கெண்ணெய்

நாளைக் காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் வந்து சேர வேண்டும் என்று கிளினிக் நர்ஸ் மிஸ்ஸி எழுதிக் கொடுத்த சீட்டு, மூன்று நாளாகத் திலகாவின் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது. மருமகள் ரூபினிக்குக் குறித்த நாள் தாண்டி ஒரு வாரமாகிறது. மருந்து வைத்து வலியை வரவழைப்பார்களாம். தங்கை மகளுக்கும் அப்படித்தான் வரவழைத்தார்கள். இரண்டு நாள் கதறவிட்டுக் கடைசியில் வயிற்றைக் கிழித்தார்கள். தன் வீட்டுப் பெண்ணை வெட்ட விடுவதில்லை என்று திலகா முடிவு கட்டிவிட்டாள். முடிவு கட்ட யாரையும் கேட்கும் பழக்கம் அவளுக்கு எப்போதும் இருந்ததில்லை.

அன்னாசி கொடுத்தாயிற்று. புக்கிட் செலம்பாவ் ரப்பர் காட்டு மண் சாலையில் காலையும் மாலையும் நடக்க வைத்தாயிற்று. மகன் ஜீவனின் மோட்டாரில் பின்னால் உட்கார வைத்துக் குலுக்கியும் பார்த்தாயிற்று. குழந்தை உள்ளேயே சொகுசாக இருந்தது. மிச்சமிருந்தது விளக்கெண்ணெய்தான். ரூபினிக்கோ அதன் வாடை பட்டாலே குமட்டும். அதனால் ஜீவன் கூலிம் டவுன் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனதும், திலகா காரசாரமாக மிளகு ரசம் வைத்து, அதில் இரண்டு கரண்டி ஊற்றிக் கலக்கினாள். தாளித்த எண்ணெயோடு எண்ணெயாக மிதந்தது.

"ரசம் நல்லா இருக்கு அத்த," என்று ரூபினி இன்னொரு கப் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

மூன்று மணிக்கு வலி வந்தபோது திலகாவுக்குத் தலைகால் புரியவில்லை. சாமி படத்துக்கு முன்னால் சூடம் கூட ஏற்றினாள். அது அணைவதற்குள் சந்தோஷம் போய்விட்டது. வலி விட்டு விட்டு வரவேண்டும். இது விடவே இல்லை. வயிறு கல்லாக இறுகி அப்படியே நின்றது.

"அத்த, புள்ள அசையல," என்றாள் ரூபினி.

திலகா வாசலுக்கு ஓடிக் குரல் கொடுத்தாள். பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா ரொஹானிதான் தன் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

அங்கே வயிற்றில் பட்டை கட்டினார்கள். பட்டையோடு இணைத்த பெட்டிக்குள்ளிருந்து குழந்தையின் நெஞ்சுத்துடிப்பு கேட்டது. ஓடியது, தயங்கியது, மறுபடி ஓடியது. டாக்டர் தமிழ்ப் பெண், ஷீலா என்று பெயர் போட்டிருந்தது. அது திலகாவுக்கு இன்னும் பயமாக இருந்தது. மலாய் டாக்டர் என்றால் புரியாத மாதிரி நின்றுவிடலாம்.

"வலி வரணும்னு வீட்ல ஏதாச்சும் குடிச்சீங்களா?"

திலகா வாய் திறப்பதற்குள் ரூபினி அழ ஆரம்பித்தாள்.

"குடிச்சேன் டாக்டர். கக் ரொஹானிகிட்ட ரும்புட் பாத்திமா வாங்கி, ஊறவச்ச தண்ணிய ஒரு கிளாஸ் குடிச்சேன். அத்தைக்குத் தெரியாது. நாளைக்கு என்ன செய்வாங்களோன்னு பயம்."

அது மலாய்க்காரப் பெண்கள் பிரசவத்துக்குக் குடிக்கும் காய்ந்த செடி. திலகா திகைத்து நின்றாள். ஒரே வீடு, ஒரே பயம். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒளித்து ஒளித்து மருந்து பார்த்திருக்கிறார்கள்.

"அது மட்டும்தானா?"

"அது மட்டும்தான் டாக்டர்."

"ஒரு கிளாஸ்தானே. ஊசி போட்டு வலிய அடக்கிப் பாப்போம். அரை மணி நேரம் டைம் இருக்குலா," என்று டாக்டர் நர்ஸிடம் திரும்பினாள்.

பழிக்கு ஆள் கிடைத்துவிட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஜீவனுக்குத் தெரியப் போவதில்லை, ஊர் ரொஹானியைத்தான் பேசும். இப்படி நினைத்ததற்காகத் திலகா பிறகு எத்தனையோ நாள் தன்னையே காறித் துப்பிக்கொண்டாள். ஆனால் அப்போது நினைத்தாள். பெட்டிக்குள் துடிப்பு மறுபடி தயங்கியது. இந்த முறை அது ஓடத் தொடங்க வெகு நேரமாயிற்று.

"நான் வெளக்கெண்ணெ குடுத்தேன்," என்றாள் திலகா. "ரெண்டு கரண்டி. காலையில. அவளுக்குத் தெரியாது."

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பெட்டியிலிருந்து வந்த காகிதத்தை ஒரு தரம் பார்த்தாள்.

"ரெண்டும் சேந்திருக்கு, ஊசிக்கு அடங்காது. காத்திருக்க வேணாம். ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டு போங்க."

ரூபினி தலையைத் திருப்பி மாமியாரைப் பார்த்தாள்.

"ரசத்துலயா அத்த?"

திலகா தலையாட்டுவதற்குள் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஜீவன் தொழிற்சாலை உடுப்போடு ஓடி வந்தபோது கதவு மூடியிருந்தது. திலகா பெஞ்சில் கிடந்தாள். தெரிந்த சாமி பெயரெல்லாம் தீர்ந்து, முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள். முக்கால் மணி நேரம் கழித்து நர்ஸ் எட்டிப் பார்த்து, பெண் குழந்தை, அழுதுவிட்டது, தாயும் நலம் என்றாள்.

ஜீவன் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துத் தேம்பினான்.

"நீங்க கூட இருந்ததாலதான்மா ரெண்டு உசுரும் பொழச்சிச்சு."

அவன் முதுகைத் தடவிக்கொண்டிருந்த கை நின்றது.

"ஜீவா," என்றாள் திலகா. "இப்படி உக்காரு. உன்கிட்ட ஒன்னு சொல்லணும்."