மூன்றாம் அறையில் மச்சான்

காலை பத்தே முக்காலுக்கு என் அறையில் நான் இல்லை. இதை நான் சொல்லவில்லை, திரை சொன்னது. மூன்றாம் அறை, கட்டுப்பாட்டு அறை, உள்ளே ஒருவர்: என் மச்சான். எனக்கு இரண்டாம் அறையில் இடம் கொடுத்திருந்தது. அது பூட்டியே கிடக்கும் சாக்குக் கிடங்கு.

என் நாற்காலியில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். இருந்தாலும் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டேன். பக்கத்து நாற்காலியில் யாரும் இல்லை.

எங்களுடையது தானியக் கிடங்கு. கதவுக்குக் கதவு அட்டையைத் தேய்த்துத்தான் போக வேண்டும். யார் எந்த அறையில் என்று ஒரு கணினி நிரல் எண்ணிக்கொண்டே இருக்கும். அந்த எண்ணிக்கை விளையாட்டல்ல. நான்காம் அறையில் மூட்டைகளுக்குப் பூச்சிமருந்துப் புகை விடுவோம். பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அறை காலி என்று நிரல் சொன்னால், விளக்கு அணைந்து கதவு பூட்டிக்கொள்ளும். பதினொன்றுக்குப் புகை வரும். உள்ளே யாராவது மாட்டினால் கதை முடிந்தது.

மச்சான் என் மனைவியின் தம்பி. நிரல் எழுதுவது அவன், கணினிகளைப் பராமரிப்பது நான். எங்கள் சண்டை கிடங்குக்கே தெரியும். மென்பொருள்களை இறக்கிவைக்க இயங்குதளத்துக்கென்று ஒரு நிறுவி இருக்கிறது. எந்தக் கோப்பை எங்கே வைத்தோம் என்று ஒழுங்காகப் பட்டியல் போட்டு வைக்கும். அவனுக்கு அது போதாது. அவன் நிரல் எழுதும் பைத்தான் மொழிக்கென்று உள்ள வேறு நிறுவியால், அதுவும் முழு அதிகாரத்தோடு, புதுப் பதிப்பை இறக்கி என் கோப்புகள் மேலேயே எழுதுவான். ஒரே அலமாரியில் இரண்டு பேர் துணி அடுக்கினால் விளங்குமா? கேட்டால், "ஓடுதுல்ல மாமா, அப்புறம் என்ன?" என்பான்.

அன்று காலை எனக்குப் பொறுமை போய்விட்டது. அவனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இயங்குதள அப்டேட்டை ஓடவிட்டேன். இவன் கொட்டம் அடங்கட்டும் என்றுதான்.

இரண்டாம் அறையைப் போய்ப் பார்த்தேன். பூட்டு பூட்டியபடியே இருந்தது. கதவிடுக்கில் கண்ணை வைத்தபோது, உள்ளே நான் இருந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

திரும்பி வந்து, ஆளை எண்ணும் நிரல்தொகுப்பு எந்தப் பதிப்பு என்று கணினியைக் கேட்டேன். இரண்டு என்றது என் நிறுவி. மூன்று என்றது அவன் நிறுவி. ஒரு குறையும் இல்லை என்று இரண்டுமே அடித்துச் சொல்லின. கோப்புறையைத் திறந்தேன். பாதிக் கோப்புகள் என் அப்டேட் போட்ட பழையவை, பாதி அவனுடைய புதியவை. எந்தப் பட்டியலிலும் இல்லாத ஏதோ ஒன்று அங்கே சாவகாசமாக ஓடிக்கொண்டிருந்தது. பழையது கதவுகளைப் பூஜ்யத்திலிருந்து எண்ணும், புதியது ஒன்றிலிருந்து. அதனால் ஒவ்வொருவரையும் ஓர் எண் குறைத்துக் காட்டுகிறது. மூன்றில் இருக்கும் நான் இரண்டில் தெரிகிறேன்.

அப்படியென்றால் மூன்றில் தெரிகிறவன் நான்கில் இருக்கிறான். சென்சார் வயர் மாற்றப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனானே, பாவி!

கதவை அறைந்து சாத்திவிட்டு ஓடினேன். நான் வராந்தாவில் ஓடும்போதே நான்காம் அறை பூட்டிக்கொண்டது. கனத்த இரும்புக் கதவு, கத்தினால் உள்ளே கேட்காது. நெம்பிப் பார்த்ததிலேயே மூன்று நிமிடம் போனது. சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். 'அறை 4 காலி. நிறுத்தத் தேவையில்லை' என்று பதில் வந்தது. பொத்தானும் அந்த நிரலைத்தான் கேட்கிறது.

"உள்ள ஆள் இருக்குடா!" என்று பொத்தானிடம் கத்தினேன். தம்பியைக் கொன்றுவிட்டு என் மனைவி முன்னால் எந்த முகத்தோடு போய் நிற்பேன்?

கோப்புகளைச் சரிசெய்ய நேரமில்லை. நான்கில் ஆள் இருப்பதாக நிரல் நம்ப வேண்டும். அவ்வளவுதானே? ஐந்தில் நிற்பவனை அது நான்கில் காட்டும். ஐந்தாம் அறைக்கு ஓடி, அட்டையைத் தேய்த்து உள்ளே விழுந்தேன். அரை நிமிடம் பாக்கி இருந்தது. நான்கின் பூட்டு டொக்கென்று விடுபட்டது. புகை விடும் வேலை ஒருமுறை நின்றால் மேலாளர் சாவி போடாமல் மறுபடி தொடங்காது.

மச்சான் சட்டையெல்லாம் வேர்வையோடு தரையில் உட்கார்ந்திருந்தான். கட்டிப்பிடித்து அழுதுவிட்டேன். "காலைல அப்டேட் போட்டது நான்தான்டா. உங்கிட்ட சொல்லவே இல்ல."

"அதை விடுங்க மாமா. லைட் போனதும் உங்க ரூம் சுவத்தைத் தட்டுனேன். உடனே நீங்க பதிலுக்குத் தட்டுனீங்க பாருங்க, அப்பதான் எனக்கு உயிரே வந்துச்சு. கடைசி வரைக்கும் விடாம தட்டுனீங்களே! இல்லன்னா பயத்துலயே போயிருப்பேன்."

அந்த நேரம் முழுக்க நான் வராந்தாவில்தான் ஓடிக்கொண்டிருந்தேன். என் அறையில் யாரும் இல்லை.

"நீங்கதானே மாமா?"

அவன் நெற்றி வேர்வையைத் துடைத்துவிட்டேன். "நான்தான்டா. வேற யாரு?" என்றேன்.

"வாங்க, உங்க ரூம்லயே கொஞ்ச நேரம் உக்காரலாம்" என்று என் கையைப் பிடித்து இழுத்தான். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன்.