மைக் வேண்டாத வேலை

திங்கட்கிழமை காலைக்குள் பட்டப்படிப்பின் ஒரிஜினல் சான்றிதழைக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும் என்று புதிதாக வேலைக்கு எடுத்த கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் பில்களை இங்கே உட்கார்ந்து இரவெல்லாம் தட்டுகிற கம்பெனி. இரண்டு வருஷம் வேலை செய்வதாக பாண்ட். நடுவில் நின்றால் சான்றிதழ் திரும்பாது.

ஞானஜோதியின் வீட்டில் இதைக் கேட்டு யாரும் பதறவில்லை. பம்மல் தோல் பதனிடும் ஷெட்டில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்று கால் வெந்துபோன அப்பா சவுரிமுத்துவுக்கு, மகள் ஏசியில் உட்காரப் போகிறாள் என்பதே போதும். அந்தக் குடும்பத்தில் காலேஜ் படி ஏறிய முதல் ஆள் அவள்.

"பேப்பரு அவங்ககிட்ட இருந்தா இன்னா, நம்மகிட்ட இருந்தா இன்னா? நம்ம வூட்ல கரையான்தான் துன்னும்" என்றாள் அம்மா ஜெயசீலி.

மூன்று வருஷம் பஸ்ஸில் தொங்கிப் படித்து வாங்கிய காகிதத்தை யாரோ ஒருவனின் பீரோவில் அடகு வைப்பதற்கு ஜோதி படிக்கவில்லை. ஆனால் வேண்டாம் என்று சொல்ல கையில் வேறு வேலை வேண்டுமே. அது ஒன்றே ஒன்றுதான் கண்ணில் பட்டது: அஸ்தினாபுரத்தில் ஜோஷ்வாவின் ஸ்டுடியோ.

ஜோஷ்வா, ஜோதி வீட்டார் போகிற சர்ச் சபைக்காரர். வீட்டு மாடியில் ஓர் அறையில் சத்தம் அடங்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டி, கிறிஸ்தவப் பாடல்களைப் பதிந்து விற்பவர். எண்பதுகளில் சபை வெளியிட்ட ஒரு கேசட்டை இப்போது புதுக் குரல்களில் சிடியாகக் கொண்டுவரும் யோசனையில் இருந்தார். பழைய கேசட்டில் பாட்டுக்கு அடியில் ஒரு கீபோர்டு ஒலி பாகு இறங்குகிற மாதிரி கூடவே வரும். அது இல்லாவிட்டால் பெரியவர்கள் சிடியைத் தொட மாட்டார்கள். அந்தக் காலத்து மெஷினுக்கு எங்கே போவது என்று அவர் சபையில் புலம்பியபோது, அதே மாதிரி ஒலிக்கிற சாஃப்ட்வேர் கீபோர்டுகள் வந்துவிட்டன, கம்ப்யூட்டருக்குள்ளேயே வாசிக்கலாம் என்று வாயைக் கொடுத்தது ஜோதிதான். ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்த ஒலியைக் கொண்டுவந்தால் ஸ்டுடியோவில் வேலை போட்டுத் தருவதாக ஜோஷ்வா சொன்னார்.

ஜோதி சரி என்று சொல்லிவிட்டாள். சபையில் கீபோர்டு வாசித்திருக்கிறாளே தவிர, இந்தச் சாஃப்ட்வேர் எதையும் தொட்டதில்லை. ரிச்சி தெரு பிளாட்பாரத்தில் ஒரு சிடி வாங்கினாள். ஒன்று இரண்டு அல்ல, நூற்றுக்கணக்கில் கீபோர்டுகள் அதில் குவிந்து கிடந்தன. எதை எடுப்பது என்று யார் சொல்வார்கள்? படத்தைப் பார்த்து எடுத்தாள். பக்கவாட்டில் தேக்குப் பலகை, வரிசையாகக் கறுப்புக் குமிழ்கள், நடுவில் வயர்கள் தொங்கும் படம். பார்த்தால் பழசுதான். வாசித்தால் செல்போன் மணி. அதை விட்டு அடுத்தது. அடுத்ததில் ஆயிரம் ஒலிகள் தயாராக இருந்தன. ஒவ்வொன்றாக அமுக்கிக் கேட்டே இரண்டு மாலை போயிற்று. நூறாவதைக் கேட்கும்போது முதலாவது எப்படி இருந்தது என்று மறந்துவிடும்.

வீடு என்பது ஒரே அறை. அடுப்புக்கும் டிவிக்கும் நடுவில் கம்ப்யூட்டர். ஹெட்போன் வயர் குட்டை. தலையைத் திருப்பினால் காதிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். அம்மா சீரியல் பார்க்கிற நேரமெல்லாம் ஜோதி சுவரைப் பார்த்தபடி கழுத்தை அசைக்காமல் உட்கார்ந்திருந்தாள். ஒரு நாள் ஜெயசீலி ஹெட்போனை வாங்கித் தன் காதில் வைத்துப் பார்த்தாள்.

"கொசு கத்துற மாதிரி கீது. இத்தக் கேக்கவாடி ராவும் பகலும் குந்திகினு கீற?"

ஜோதிக்குக் கோபம் வந்தது. அம்மா சொன்னது சரி என்பதால் இன்னும் வந்தது.

சனிக்கிழமை பகல், தெருமுனை வீட்டில் ஞானஸ்நான விருந்து. விளக்குக் கம்பத்தில் கூம்பு ஸ்பீக்கர் கட்டி அதே கேசட்டைப் போட்டிருந்தார்கள். தண்ணீர்க் குடத்தோடு போன ஜோதி அப்படியே நின்றாள். அந்த ஒலி நேராக நிற்கவில்லை. நீண்ட சுரம் ஒவ்வொன்றும் லேசாகத் தொய்ந்து, மறுபடி எழுந்து வந்தது. பழைய மெஷின்கள் சூடேறினால் சுருதி நழுவும் என்று பிரவுசிங் சென்டரில் எங்கோ படித்திருந்தாள். அதைக் குறை என்று நினைத்துத் தள்ளிவிட்டிருந்தாள். குறைதான். அந்தக் குறையைத்தான் இருபது வருஷமாக சனங்கள் கேட்டுப் பழகியிருக்கிறார்கள். இவளோ சுத்தமான ஒலியாகப் பார்த்துப் பார்த்துத் தேடிக்கொண்டிருந்தாள்.

வீட்டில் குடத்தை வைத்துவிட்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் அழித்தாள். மிஞ்சியது சாம்பல் நிறத்தில் அழுது வடிகிற ஓர் இலவச சாஃப்ட்வேர். படமில்லை, தயார் ஒலிகளும் பெரிதாக இல்லை, குமிழ்கள் குறைவு. அதில் இரண்டு ஒலிகளைச் சேர்த்து, ஒன்றை மட்டும் மயிரிழை சுருதி விலக்கி, அந்த விலகலும் மெல்ல ஏறி இறங்கும்படி வைத்தாள். கூர்மையை ஒரு குமிழால் மழுக்கினாள். வாசித்தாள். ஹெட்போனைப் பிடுங்கிவிட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். ஜெயசீலி டிவியிலிருந்து தலையைத் திருப்பி, தெருவில் பாட்டு இன்னும் ஓடுகிறதா என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஸ்டுடியோவுக்குப் போய், ஜோஷ்வாவின் கம்ப்யூட்டரில் அதை ஏற்றி வாசித்துக் காட்டினாள். ஜோஷ்வா கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணோடே ஸ்தோத்திரம் சொன்னார். பிறகு கண்ணைத் திறந்து, தன் மச்சான் வினோத்குமாரைக் கூப்பிட்டு, எந்த மெனுவில் என்ன இருக்கிறது என்று சிஸ்டரிடம் கேட்டு வைத்துக்கொள், நாளையிலிருந்து நீதான் வாசிக்கப் போகிறாய் என்றார்.

ஜோதி தன் வேலையைப் பற்றிக் கேட்டாள்.

"தப்பா நினைக்காதீங்க சிஸ்டர். ஸ்டுடியோன்னா கதவை மூடித்தான் ஆகணும். இல்லன்னா பக்கத்து ஏர்போர்ட் பிளேன் சத்தம் மைக்ல விழுந்துடும். மூடின ரூம்ல ஒரு வயசுப் பொண்ணு... சபையில நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்க."

"இதுக்கு மைக்கே வேணாம் பிரதர். சத்தம் கம்ப்யூட்டருக்குள்ளயே பொறந்து உள்ளயே பதியுது. பிளேன் இந்த ரூமுக்குள்ளயே வந்து எறங்கினாலும் ரெக்கார்டிங்ல விழாது. நான் வேலை பாக்கறப்போ கதவு, ஜன்னல் எல்லாத்தையும் தொறந்தே வைங்க."

வினோத்குமார் சிரித்துவிட்டான். ஜோஷ்வா சுவரின் முட்டை அட்டையைப் பார்த்தார். பிறகு, உண்மையைச் சொன்னால் சம்பளத்துக்கு ஆள் வைக்கும் நிலைமையில் ஸ்டுடியோ இல்லை என்றார். நல்ல வேலை வந்திருக்கிறதாமே, அதற்குப் போங்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து இப்படி உதவி செய்யுங்கள் என்றார்.

"ஊழியமா நினைச்சு செய்யுங்க சிஸ்டர். ஆண்டவர் பாத்துப்பார்."

ஜோதி திரையின் பக்கம் திரும்பினாள். அந்த ஒலியைத் தேர்ந்தெடுத்தாள், டெலீட் அமுக்கினாள், நிச்சயமா என்று கம்ப்யூட்டர் கேட்டதற்கு ஆமாம் என்றாள். குப்பைத்தொட்டியையும் காலி செய்தாள். வினோத்குமார் பதறி எழுந்தான்.

"ஆண்டவர்கிட்டயே கேளுங்க பிரதர். எந்தக் குமிழை எவ்வளவு திருப்பணும்னு அவருக்குத் தெரியாமலா இருக்கும்?" என்றாள் ஜோதி.

மாடிப்படி இறங்கினாள். ஒலி வீட்டில் பத்திரமாக இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு எந்தக் கதவைத் தட்டுவது என்றுதான் தெரியவில்லை. தெரிந்த ஸ்டுடியோ அது ஒன்றுதான்.

திங்கட்கிழமை கம்பெனியில் வரிசை நீளமாக இருந்தது. எல்லார் கையிலும் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு பட்டம். கவுண்டரில் இருந்த பெண் நிமிராமலேயே ஒவ்வொன்றாக வாங்கிப் பின்னால் இரும்பு பீரோவுக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். ஜோதியின் முறை வந்தது. சான்றிதழை நீட்டினாள், ஆனால் விடவில்லை. வாங்கிக்கொண்டதாக எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னாள்.

"அதெல்லாம் குடுக்கறதில்ல மேடம். எல்லாரும் நம்பித்தான் குடுத்துட்டுப் போறாங்க."

"நான் நம்பல. எழுதிக் குடுங்க."

அந்தப் பெண் இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். சாரைக் கேட்டு வருகிறேன் என்று உள்ளே போனாள். பின்னால் யாரோ சலித்துக்கொண்டார்கள். செக்யூரிட்டி வந்து, கொஞ்சம் ஓரமாக நின்றால் மற்றவர்கள் கொடுத்துவிடுவார்கள் என்று தன்மையாகத்தான் சொன்னார். சான்றிதழை மார்போடு அணைத்துக்கொண்டு, வரிசையை மறித்தபடி, ஜோதி அங்கேயே நின்றாள்.