சுவருக்குள் ஒரு படுக்கை

"நான் அளவெடுக்க வெளியே போயிருந்தப்போ, அவங்க ஏதாவது சொன்னாங்களா?"

வண்டியைக் கிளப்பியபடி அப்பா ஹால்வார் கேட்டார். 'இல்லை' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அந்த ஒரு சொல்லைத்தான் மகள் யோருன் சொல்லவில்லை.

வீடு கட்டுவதில் ஹால்வாருக்கு ஒரு வழக்கம் உண்டு. காகிதத்தில் கோடு போடுவதற்கு முன், அந்தக் குடும்பத்தோடு ஒரு மத்தியானம் உட்கார்ந்து கதை கேட்பார். கேட்டதிலிருந்து ஒன்றை எடுத்து வீட்டுக்குள் வைத்துவிடுவார். பெண் கேட்டு வந்த நெட்டை மாப்பிள்ளை கதவு நிலையில் மண்டையை இடித்து மயங்கி விழுந்த குடும்பத்துக்கு, வாசல் மற்ற வீடுகளைவிட இரண்டு சாண் உயரம். மகனின் படகு திரும்புகிறதா என்று பார்த்துக்கொண்டே பாத்திரம் கழுவியவளின் வீட்டில், கழுவும் தொட்டிக்கு நேர் மேலே ஜன்னல். அவர்கள் வாழ்ந்த தீவில் அவர் கட்டிய பதினேழு வீடுகளிலும் இப்படி ஒன்று இருந்தது. என்ன வைத்தார் என்பதை முகட்டு விருந்து அன்றுதான் சொல்வார். கூரையின் உச்சி உத்தரம் ஏறி, அதில் பச்சை இலை வளையம் தொங்க, வீட்டுக்காரர்கள் தச்சர்களுக்கு விருந்து வைக்கும் நாள் அது.

கதைகளை எழுதிக்கொள்வது யோருனின் வேலை. வகுப்பில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே அவள் மேசையில் கவிழ்ந்துகொள்வாள். பதினாறு வயதில் பள்ளியை விட்டவள், அப்பாவின் பக்கத்தில் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தாள்.

இந்த முறை வீடு கட்டித் தரக் கேட்டவர்கள் தாக்னியும் அவளுடைய தம்பி எர்லிங்கும்; அறுபதைத் தாண்டியவர்கள். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. போன குளிர்காலத்தில் அவர்கள் வீடு எரிந்துபோனது. படகுக் கொட்டகையின் மாடியில் தங்கியிருந்தார்கள். மூன்று மத்தியானம் போய் உட்கார்ந்தும் ஹால்வாருக்குக் காபிதான் கிடைத்தது.

"கதையா?" என்றார் எர்லிங். "பொறந்தோம். ஆடு வளர்த்தோம். வீடு எரிஞ்சுது. இன்னும் கொஞ்சம் காபி ஊத்தவா?"

தாக்னி அதுகூடச் சொல்லவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இரண்டு வாரமாக அப்பாவின் பென்சில் நகரவில்லை. சாப்பாட்டு மேசையில் அவர் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. அதனால்தான் அன்று வண்டியில் யோருன் வாயைத் திறந்தாள்.

"சொன்னாங்கப்பா. ஒரு குட்டித் தங்கச்சி இருந்தாளாம். அடுப்புக்குப் பக்கத்துச் சுவருக்குள்ள சின்னதா ஒரு படுக்கை. அதுலதான் தூங்குவாளாம். ஆறு வயசுல, அதுலயே போயிட்டாளாம்."

ஹால்வார் வண்டியை ஓரம் கட்டினார். "யாரு சொன்னது? தாக்னியா?"

யோருன் தலையசைத்தாள். இவ்வளவு ஆசையாக அவள் பேச்சை யாரும் கேட்டதில்லை. "தூங்குறதுக்கு முன்னாடி சுவத்தை விரலால தட்டுவாளாம்," என்று இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொன்னாள்.

அன்றைக்கே படம் வரைந்து முடித்துவிட்டார் அப்பா.

அதன் பிறகுதான், தான் கட்டிய கதை எங்கே போய் முடியும் என்று அவளுக்கு உறைத்தது. முகட்டு விருந்தில், அத்தனை பேர் நடுவில் அப்பா இதைச் சொல்வார். அப்படி யாரும் இல்லை என்பார்கள். பதினேழு வீடு கட்டிய மனிதர் வாயடைத்து நிற்பார். சொல்லிவிடவேண்டும் என்று தினமும் நினைத்தாள்.

"அப்பா, அந்தப் படுக்கை..."

"அந்த முனையைப் பிடிம்மா. நாலடி சரியா இருக்கா பாரு."

சுவர்களுக்குப் பலகை அடிப்பதற்கு முன்பே அந்தப் படுக்கையை அவர் தன் கையாலேயே இழைத்து, அடுப்பு வரவேண்டிய இடத்துக்குப் பக்கத்தில் பொருத்தியிருந்தார்.

போலந்துக்காரத் தச்சர் மாரேக் ஒருநாள் காலையில் அதற்கு முன்னால் நின்று தாடையைச் சொறிந்தார்.

"வீடு பூரா மரத்தூள். இந்தப் பெட்டிக்குள்ள மட்டும் ஒரு பொட்டு இல்ல. தினம் யாரு துடைக்கிறது? நீயா?"

இல்லை என்று யோருன் தலையசைத்தாள்.

"யாரா இருந்தாலும் எங்க வீட்டுக்கும் வரச் சொல்லு. என் பொண்டாட்டி சந்தோஷப்படுவா."

அவர் சிரித்துக்கொண்டே போனார். யோருன் குனிந்து பார்த்தாள். பலகை துடைத்ததுபோல இல்லை. யாரோ படுத்துப் புரண்டதில் தேய்ந்ததுபோல, நடுவில் மட்டும் பளபளவென்று இருந்தது.

விருந்தன்று நல்ல வெயில். சுவரில்லாத வீட்டுக்குள் கடல்காற்று சுதந்திரமாகப் புகுந்து போனது. பலகைகளைச் சேர்த்துப் போட்ட மேசையில் பாலேட்டுக் கஞ்சியும் உப்புக்கண்டமும் இருந்தன. தச்சர்களோடு, பக்கத்துப் பண்ணையிலிருந்து போதில் என்ற வயதான பெண்ணும் வந்திருந்தாள்.

ஹால்வார் எழுந்தார். கதையைச் சொன்னார். படுக்கையைக் காட்டினார்.

"இது உங்க தங்கச்சிக்காக," என்றார்.

எர்லிங்கின் கரண்டி பாதி வழியில் நின்றது. யோருன் மேசைக்கு அடியில் இரண்டு கைகளையும் இறுக்கிக்கொண்டாள்.

தாக்னி மெல்ல எழுந்து படுக்கைக்கு முன்னால் போய் நின்றாள்.

"கொஞ்சம் நீளமாப் போச்சு," என்றாள். "அவ ரொம்பச் சின்னவ."

"என்ன சொல்ற தாக்னி?" என்றார் எர்லிங்.

"காலை மடக்கிக்கிட்டுதான் படுப்பா. எப்பவும் கால் குளிரும் அவளுக்கு."

போதில் கரண்டியைக் கீழே வைத்தாள். "ஆமா! பொன்னிற முடி. ரெண்டு பின்னல். எங்க அம்மாகூட ஒரு ஜோடி கையுறை பின்னிக் குடுத்தாங்க."

"சிவப்பு," என்றாள் தாக்னி.

"சிவப்பேதான்."

யோருன் எழுந்துவிட்டாள். பெஞ்சு பின்னால் சாய்ந்து விழுந்தது. வாழ்நாளில் முதல்முறையாக ஒரு கூட்டத்துக்கு நடுவில் அவள் குரல் எழும்பியது.

"அப்படி யாருமே இல்ல! நான்தான் கதை கட்டிச் சொன்னேன். அவங்க எதுவும் சொல்லல. பொய்ப்பா. எல்லாம் நான் சொன்ன பொய்!"

ஹால்வார் மகளைப் பார்த்தார். பிறகு தாக்னியைப் பார்த்தார்.

தாக்னிக்குக் கோபமே வரவில்லை. யோருனின் கன்னத்தில் கை வைத்தாள். "நீ சும்மா இரு கண்ணு. உனக்கு அவளைத் தெரியாது."

"பாவம், கூச்சம்," என்றாள் போதில். "எல்லாரும் பார்க்கவும் பயந்துட்டா. உட்காருடி பொண்ணே, கஞ்சி ஆறுது."

யோருன் எர்லிங்கின் பக்கம் திரும்பினாள். அவருக்குத் தெரியும். அவர் ஒருவர் 'இல்லை' என்றால் போதும். "நீங்களாவது சொல்லுங்க," என்றாள்.

எர்லிங் அக்காவைப் பார்த்தார். "நாம ரெண்டே பேர்தானே, தாக்னி. எப்பவும் ரெண்டே பேர்தான்."

"அவ சுவத்தைத் தட்டினா திருப்பித் தட்டுறது யாரு? நீதானே?"

எர்லிங் எழுந்து வந்து படுக்கையின் முன் மண்டியிட்டார். பலகையில் உள்ளங்கையை வைத்தார். சூடான பாத்திரத்தைத் தொட்டவர்போல வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் முதலில் கோபம் இருந்தது. அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. நெற்றி சுருங்கியது. மறந்துபோன ஏதோ ஒரு பெயர் நாக்கு நுனிவரை வந்து நிற்பதுபோல உதடுகள் அசைந்தன.

"வேண்டாம்," என்று யோருன் அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். "நினைக்காதீங்க. அவ இல்ல."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். கண்கள் நிறைந்திருந்தன. திருப்பித் தட்டப்போவதுபோல விரல் மடங்கி மரத்தை நோக்கிப் போனது, தொடவில்லை. எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு, அக்காவைக் கடந்து, விருந்தைக் கடந்து, கதவு வைக்காத வாசல் வழியாக இறங்கி, கடல் பக்கமாக நடந்து போனார்.