பொட்டை முனை

கண்ணாடிக் கடைக்காரருக்குத் தெருவில் வைத்த பெயர் ஸ்பீக்கர். காலையில் அவர் தன் வீட்டுக்குள் செருப்பைத் தேடினால், அது எந்த மூலையில் கிடக்கிறது என்று எதிர்வீட்டிலிருந்து பதில் வரும். அவ்வளவு குரல்.

அந்த வாயில் நாள் முழுக்கப் புரண்டுகொண்டிருந்தது ஒரே ஒரு வார்த்தைதான். பொட்டை. திருகாணி இறங்காவிட்டால் பொட்டைத் திருகாணி. வேன் கிளம்பாவிட்டால் பொட்டை வண்டி. விலையைக் குறைக்கச் சொல்லிக் கெஞ்சும் வாடிக்கையாளர், அவர் படியிறங்கிப் போன பிறகு, பொட்டைப்பய. கையுறை போட்டுக்கொண்டு கண்ணாடி தூக்குகிறவன், மழைக்கு ஒதுங்குகிறவன், டீயை ஆற்றிக் குடிக்கிறவன் எல்லோருக்கும் அதே பட்டம்தான். கோபத்தில் சொன்னாரா என்றால் அதுவும் இல்லை. பேச்சுக்கு நடுவில் மற்றவர்கள் 'வந்து', 'அதாவது' என்று போட்டுக்கொள்வதில்லையா, அந்த மாதிரி.

வேலையிலேயே அந்த வார்த்தை ஏறி உட்கார்ந்துவிட்டது. பெரிய கண்ணாடியை இரண்டு பேர் தூக்கும்போது ஒருவர் முன்னோக்கி நடப்பார், மற்றவர் பின்னோக்கி நடப்பார். முன்னோக்கி நடப்பவருக்கு வழி தெரியும். அவர்தான் 'படி', 'வளைவு', 'இடது பக்கம்' என்று சொல்லிக்கொண்டே வர வேண்டும். பின்னோக்கி நடப்பவர் எக்காரணம் கொண்டும் திரும்பிப் பார்க்கக் கூடாது. திரும்பினால் தோள் சாயும், தோள் சாய்ந்தால் கண்ணாடி முறுக்கிக்கொள்ளும், அப்புறம் துடைப்பம்தான் எடுத்து வர வேண்டும். எதிரே இருப்பவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு, அவன் சொல்வதை நம்பிக் கால் வைக்க வேண்டியதுதான். வழி சொல்லும் பக்கத்துக்கு அந்தக் கடையில் ஆம்பளை முனை என்று பெயர். மற்றது பொட்டை முனை. பெயர் வைத்தவர் யார் என்று கேட்க வேண்டியதில்லை. கடை திறந்த நாளிலிருந்து ஸ்பீக்கர் ஒரு தடவைகூடப் பின்னோக்கி நடந்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டியதில்லை.

பொட்டை முனை அவருடைய மச்சினனுக்கு. நெட்டையாக, ஒல்லியாக, காற்றடித்தால் சாய்கிற மாதிரி இருப்பதால் அவனுக்குக் குச்சி என்று பெயர். அக்கா வீட்டில், சமையலறையை ஒட்டிய அறையில்தான் இருக்கிறான். மாமா கடையில் வேலை, மாமா வீட்டில் சாப்பாடு. மாமா 'பொட்டை' என்றால் மற்றவர்களைவிட ஒரு பங்கு அதிகமாகச் சிரிப்பான். சில சமயம் வேன் டிரைவரைப் பார்த்து அவனே சொல்லவும் செய்வான், அதுவும் சத்தமாக. சத்தமாகச் சொல்கிறவனை யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

அந்த வேஷம் ஒரு நாள் சாயங்காலம் கலைந்தது. அக்கா காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அவனைப் பார்க்கப் பெண் வீட்டிலிருந்து வருகிறார்கள். மாமாவுக்குத் தூரத்துச் சொந்தம்.

"வர வேண்டாம்னு சொல்லிடுக்கா."

"ஏன், ஃபோட்டோ பிடிக்கலையா?"

"ஃபோட்டோவுக்கென்ன, நல்லாத்தான் இருக்கு."

"அப்ப வேற எவளாவது இருக்காளா? இருந்தா சொல்லித் தொலை. உங்க மாமா ஒரு நாள் கத்துவாரு, மறுநாள் அவரே போய்ப் பேசி முடிப்பாரு."

"ஆள் இருக்கு. பொண்ணு இல்ல."

அக்கா கையிலிருந்த தலையணை உறையை மடித்தாள், உதறினாள், மறுபடி மடித்தாள். விளையாடுகிறானா என்று அவன் முகத்தைப் பார்த்தாள். விளையாடவில்லை.

"மாமாகிட்ட நீ வாயத் தொறக்காத," என்றாள் கடைசியில். "நான் பாத்துக்கறேன்."

சொல்லிப் பார்த்துக்கொள்வாளா, சொல்லாமல் பார்த்துக்கொள்வாளா என்று கேட்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் காலையில் பதில் தானாக வந்தது. தினமும் மாமா கதவை உதைத்து, "எந்திரிடா பொட்டை, ஊரே வேலைக்குப் போயாச்சு," என்று எழுப்புவார். அன்று கதவு சத்தமே இல்லை. குச்சி தானாக எழுந்து, குளித்து, கூடத்துக்கு வந்தான். அக்கா அடுப்பைப் பார்த்தபடி நின்றாள், திரும்பவில்லை. மாமா வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

"தம்பி, கெளம்பலாமா?"

தம்பியாம். இத்தனை வருஷம் மாப்ள என்று கூப்பிட்ட வாய். சந்தையில் வழி கேட்கிறவரிடம் சொல்கிற தம்பி அது.

வேனில் மூன்று பேரும் ஒட்டி உட்கார்ந்தார்கள். டிரைவர் சாவியைத் திருப்பினார். வண்டி இருமி நின்றது. மறுபடி திருப்பினார், மறுபடி இருமல். டிரைவரும் குச்சியும் ஒரே சமயத்தில் மாமாவின் வாயைப் பார்த்தார்கள்.

"வண்டி," என்று தொடங்கிய மாமா, தொண்டையைச் செருமிக்கொண்டார். "வண்டி சரியில்ல."

"என்னண்ணே, காய்ச்சலா?" என்றார் டிரைவர்.

"ரோட்டப் பாத்து ஓட்டு."

"வண்டியே இன்னும் கெளம்பலண்ணே."

குச்சி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அந்த வார்த்தை இல்லாத மாமாவை அவனுக்குப் பழக்கமில்லை. திட்டியிருந்தால்கூட ஒரு நிம்மதி இருந்திருக்கும். இப்போது அவன் கணக்குப் போட்டுப் பார்த்தான். மாமா போ என்றால் வீடும் போச்சு, வேலையும் போச்சு. அதுகூடச் சமாளித்துவிடலாம். ஆனால் கண்ணாடிக்கு எதிர்ப்பக்கம் இந்த முகம் இருக்காது. அதை நினைத்தபோதுதான் உள்ளங்கை வியர்த்தது. கண்ணாடி தூக்குகிறவனுக்கு வியர்க்கக் கூடாத இடம் அது.

வேலை ஒரு பல் டாக்டரம்மாவின் புது கிளினிக்கில். இரண்டாவது மாடி. அறையை இரண்டாகப் பிரிக்க ஆளுயரத்துக்கு மேலான தடித்த கண்ணாடி. லிஃப்டில் அது நுழையாது, படியில்தான் ஏற்ற வேண்டும். டாக்டரம்மா மேலிருந்து எட்டிப் பார்த்து, "பாத்துங்க, சுவர்ல புதுப் பெயிண்ட்," என்றார். கண்ணாடியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

வேனிலிருந்து கண்ணாடியை இறக்கி நிறுத்தினார்கள். அதில் ஒட்டிக்கொள்ளும் ரப்பர் கைப்பிடிகளை மாமா அழுத்திப் பொருத்தினார். வழக்கமாக இந்த இடத்தில் ஒரு வசனம் வரும்: மாப்ள, பொட்டை முனையப் பிடி. அன்று மாமா கையை மட்டும் ஆட்டினார்.

"தம்பி, நீ அந்தப் பக்கம்."

"எந்தப் பக்கம்ணே?" டிரைவர் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சிரித்தார். "பேரச் சொல்லுங்க. பேரில்லாத பக்கமா அது?"

குச்சி பின்னோக்கி முதல் படியில் கால் வைத்தான்.

மாமாவின் கண்கள் கண்ணாடியின் விளிம்பில் இருந்தன. அடுத்த படியில் சுவரில் இருந்தன. அதற்கடுத்த படியில் தன் கட்டைவிரலில். குச்சியின் முகத்தைத் தவிர வேறு எல்லா இடத்திலும் இருந்தன. "படி" என்ற சொல், குதிகால் படியில் இடித்த பிறகு வந்தது. அடுத்த "படி" இன்னும் தாமதம். இத்தனை வருஷத்தில் அந்தக் குரல் தாமதித்ததில்லை. குச்சி பாதத்தாலேயே துழாவித் துழாவி ஏறினான். கீழே எடை முழுவதும் மாமாவின் கையில், மேலே வழி முழுவதும் மாமாவின் வாயில். அந்த வாயோ இறுகிக் கிடந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாமாவின் முகம் வெறும் ஒரு கை தூரத்தில் தெரிந்தது. அத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு ஒருவர் இன்னொருவரைப் பார்க்காமல் இருப்பது லேசான காரியமில்லை. மாமா சிரமப்பட்டுத்தான் செய்துகொண்டிருந்தார்.

முதல் மாடி தாண்டியது. அடுத்து வளைவு.

பின்னால் வந்த டிரைவருக்கு இந்த மௌனம் தாங்கவில்லை. "ரெண்டு பேரும் என்ன இன்னிக்கு, பொண்ணு பாக்க வந்த மாதிரி வெக்கப்படுறீங்க? டேய் குச்சி, காலு ஏன்டா நடுங்குது? ஞாயித்துக்கிழம இப்படி நடுங்கின, மாப்பிள்ள ஒம்போதுன்னு சொல்லி எந்திரிச்சுப் போயிடுவாங்க."

மாமாவின் முகம் சட்டென்று டிரைவர் பக்கம் திரும்பியது. வளைவு என்று சொல்ல வேண்டிய நொடி அது. சொல்லவில்லை. குச்சி படி இருக்கும் என்று காலைத் தூக்கி வைத்தான். படி இல்லை, சமதளம். முழங்கால் மடங்கியது, தோள் சாய்ந்தது, கண்ணாடி அதன் எடையோடு ஒரு பக்கமாக முறுக்கத் தொடங்கியது.

"பிடிடா பொட்டை," என்று மாமாவின் வாய் கத்தியது.

படிக்கட்டு முழுக்க அந்த வார்த்தை ஏறிப் போய், மேலே புதுப் பெயிண்ட் அடித்த சுவரில் இடித்துத் திரும்பி வந்தது.

குச்சி பிடித்திருந்தான். ஒரு முழங்கால் தரையில், தோள் கைப்பிடிக் கம்பியில், இரண்டு கையும் ரப்பரில். கண்ணாடி நின்றுவிட்டது. மாமா இப்போதுதான் முதல் தடவையாக அவனைப் பார்த்தார். கண்ணாடிக்குப் பின்னால் அந்த முகத்தில் ரத்தமே இல்லை. விழவிருந்த கண்ணாடிக்காக அப்படி ஆகிற ஆள் அல்ல அவர்.

"பிடிச்சுட்டுத்தான் இருக்கேன் மாமா," என்றான் குச்சி. "என்னை என்னன்னு வேணா சொல்லுங்க. மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. பாக்காம வழி சொன்னா நான் எப்படிக் கால் வெக்கறது? உங்களுக்குத்தான் தெரிஞ்சு போச்சுல்ல."

"என்னண்ணே தெரிஞ்சு போச்சு?" டிரைவரின் தலை பக்கவாட்டில் நீண்டது.

மாமா திரும்பாமலே சொன்னார்: "உனக்கு வாய் அதிகம்னு. கீழ போய் சீட்டுக்கடியில கெடக்கற ரப்பர் பட்டைய எடுத்துட்டு வா."

"ரப்பர் பட்டை பையிலயே இருக்கேண்ணே."

"இன்னொண்ணு எடுத்துட்டு வா."

டிரைவர் போனார். போகும்போது இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். அவர் காலடிச் சத்தம் அடங்கும்வரை இருவரும் அசையவில்லை. பிறகு கண்ணாடியை வளைவில் சாக்குத்துண்டின் மேல் இறக்கி, சுவரில் பட்டும் படாமலும் சாய்த்தார்கள். அதற்குப் பேச்சு தேவைப்படவில்லை. கைகளுக்கு ஒன்றையொன்று தெரியும்.

மாமா படியில் உட்கார்ந்தார். சட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"ராத்திரி உங்க அக்கா சொன்னா. காலையிலேருந்து வாயே தொறக்க முடியல எனக்கு. எதுக்குத் தொறந்தாலும் அதுதான் முன்னால வந்து நிக்குது. அது வந்துடக் கூடாதுன்னு அடக்குனா, படி, வளைவு எதுவுமே வர மாட்டேங்குது."

குச்சி அவரையே பார்த்தான். காலையிலிருந்து மாமாவின் அருவருப்பு என்று அவன் நினைத்துக்கொண்டு வந்தது இதுவா?

"கடைசியில அதத்தான சொன்னீங்க."

"ஆமா. சொன்னேன்." மாமா தரையைப் பார்த்தார். பிறகு, அவனே கேட்டுக்கொண்டதால், கஷ்டப்பட்டு முகத்தைப் பார்த்தார். "எனக்கு இதெல்லாம் புரியல. நாளைக்குப் புரிஞ்சிடும்னும் சொல்லல. ஞாயித்துக்கிழம வர வேண்டாம்னு ராத்திரியே ஃபோன்ல சொல்லிட்டேன். ஏன்னு கேட்டாங்க. வாய்க்கு வந்த பொய்யச் சொன்னேன்."

"வேற கடை பாத்துக்கட்டுமா மாமா?"

கேட்டுவிட்டான். ராத்திரியிலிருந்து நெஞ்சில் கிடந்த கேள்வி. கீழே டிரைவர் வேன் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. மேலே டாக்டரம்மா, "வந்துட்டீங்களா?" என்றார். மாமா எழுந்தார். குச்சியைத் தாண்டி, கண்ணாடியைச் சுற்றிக்கொண்டு, மேல்பக்கத்துக்குப் போனார். முதுகைப் படிகளுக்குக் காட்டி நின்று, ரப்பர் கைப்பிடியைப் பற்றினார்.

"நீ கீழ வா. வழி சொல்லு."

"மாமா, அது..."

"எந்த முனைன்னு எனக்குத் தெரியும். பேரு வெச்சவனே நான்தான். தூக்கு மாப்ள."

மாப்ள என்ற சொல் காதில் விழுந்த பிறகு குனிந்து கைப்பிடியைத் தேட அவனுக்குச் சற்று நேரம் பிடித்தது. கண் மங்கியிருந்தது.

தூக்கினார்கள். ரப்பர் பட்டையோடு ஓடி வந்த டிரைவர் வளைவில் அப்படியே நின்றுவிட்டார். பார்த்ததை நம்பவில்லை. "அண்ணே, நீங்களா அந்தப் பொட்..." என்று தொடங்கினார். மாமா அவரை ஒரு பார்வை பார்த்தார். மீதி எழுத்து டிரைவரின் வாய்க்குள்ளேயே செத்தது.

"படி," என்றான் குச்சி.

மாமாவின் குதிகால் காற்றில் துழாவியது. இத்தனை காலம் மற்றவர்களை நடக்கவிட்ட வழி எப்படி இருக்கும் என்று அந்தக் கால் இப்போதுதான் கற்றுக்கொண்டது. படியைத் தொட்டது, தயங்கியது, ஏறியது. அடுத்த படியில் அவர் கழுத்து மெல்லத் திரும்பத் தொடங்கியது.

"திரும்பாதீங்க மாமா. கண்ணாடி போயிடும். என்னைப் பாருங்க."

மாமா பார்த்தார். நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியும் இமைக்காமல் பார்த்தார்.

"படி. இன்னொரு படி. இடது பக்கம் கொஞ்சம்."

"சுவர்ல பெயிண்ட்," என்றது மேலிருந்து ஒரு குரல். அதை யாரும் சட்டை செய்யவில்லை.

"இன்னும் படி இருக்கா?" என்று கேட்டார் ஸ்பீக்கர். ஒரு ஆளுக்கு மட்டும் கேட்கிற அளவுக்குத் தணிந்த குரல் அது. தெருவில் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

"இருக்கு மாமா," என்றான் குச்சி. "நான் சொல்றேன். நீங்க நடங்க."