நாக்பூர் தாண்டாத ரயில்

பூங்கோதையின் லினக்ஸ் கணினி, ஓடும்போது அடித்தளத்தை மாற்ற முடியாத வகையைச் சேர்ந்தது. அதன் அடித்தளத்தில் ஒரு சின்ன மென்பொருள் கருவியைச் சேர்த்தாலும் கணினியை மறுபடி தொடக்க வேண்டும். கணினி மறுபடி தொடங்கினால் அன்றைய நாளும் காலையிலிருந்து மறுபடி தொடங்கும். கடைக்காரர் சொல்லித்தான் விற்றார்.

டெல்லியில் வேலை பார்க்கும் மகள் ஆதிரை ரயிலில் வந்துகொண்டிருந்தாள். மறுநாள் மதுரையில் இறங்க வேண்டும். பூங்கோதைக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவள் கை சும்மா இருக்கிற கையா? கட்டளை எழுதும் டெர்மினலைத் திறந்து, கோப்புகளைத் தேடித் தரும் கருவி ஒன்றைச் சேர்த்தாள். பொழுது விடிந்தது. கோப்புகளை வண்ணத்தில் அடுக்கிக் காட்டும் கருவி ஒன்றைச் சேர்த்தாள். மறுபடி விடிந்தது.

"காலையில இருந்து சட்னி அரைச்சுக்கிட்டே இருக்கேன்," என்றார் கணவர் மாசிலாமணி, மிக்ஸியைக் கழுவியபடி.

ஆதிரை போன் செய்தாள். "அம்மா, இன்னொண்ணு போட்டியா? மறுபடி நாக்பூர்லதான் நிக்கிறேன்."

"ஒண்ணே ஒண்ணுதான்டி. இதோட சரி."

"என் ஆபீஸ் வேற சிஸ்டம்மா. அங்க நாள் ஓடிக்கிட்டேதான் இருக்கு, லீவு தீருது. இன்னொரு தடவை இதே காலை விடிஞ்சா, நான் இங்கயே இறங்கித் திரும்பிட வேண்டியதுதான்."

பூங்கோதை போனை வைத்தாள். கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். மதியம்வரைகூடத் தாங்கவில்லை. விரல்கள் தாமாகவே வெளியே வந்து அடுத்த கட்டளையை எழுதத் தொடங்கின.

"அதைப் பெட்டிக்குள்ள போட்டுத் தொலையேன்," என்றார் மாசிலாமணி.

கணினியின் அடித்தளத்தைத் தொடாமல் தனியாக ஒரு பெட்டி திறந்து, அதற்குள் எதை வேண்டுமானாலும் போடலாம். எதையும் மறுபடி தொடக்க வேண்டியதில்லை. இவளுக்குத்தான் அதில் ஓர் இளப்பம். சொந்த வீட்டை வைத்துக்கொண்டு வாடகைக்குப் போகிற மாதிரி இருக்குமாம்.

வேறு வழியில்லாமல் கூடத்தில் ஆள் இறங்குகிற அளவில் ஒரு பெட்டியைத் திறந்தாள். வெளியே இருந்தபடியே கருவிகளைப் போட்டாள், போட்டுக்கொண்டே இருந்தாள். மாலை வந்தது, இருட்டியது, அப்பாடா என்று மறுநாளும் வந்தது.

ஆதிரை பையோடு வாசலில் நின்றாள். பூங்கோதை ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள்.

"உள்ள இழுக்காதே," என்றார் மாசிலாமணி. "புதுசா ஒரு ஆள் சேர்ந்தா வீட்டையும் மறுபடி தொடக்கணும். பிள்ளை மறுபடி ரயிலுக்கே போயிடுவா."

அது நியாயம்தான். அவரே பெட்டியை வாசல்வரை தள்ளிக்கொண்டு வந்தார். பூங்கோதை மகளின் பெயரைக் கட்டளையில் எழுதிப் பெட்டியில் சேர்த்ததும், ஆதிரை செருப்பைக் கழற்றிவிட்டு அதற்குள் இறங்கினாள். பூங்கோதையும் பின்னாலேயே காலை வைத்தாள். பெட்டி விடவில்லை. வெளியே இருந்தே போட்டவளை உள்ளே இருந்த கருவிகளுக்குத் தெரியாது.

"இவங்க எங்கம்மா," என்று ஆதிரை கருவிகளிடம் சொன்னாள்.

அவை கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தன.