நூற்றுப் பதினேழாம் தொகுதியின் மூன்றாம் வரிசை

நூற்றுப் பதினேழாம் தொகுதியில் இறந்தவர்களும் வாக்களித்தார்கள். வேறு தொகுதிகளில் நடப்பதுபோல, செத்தவர் பெயரில் எவனோ வந்து போட்டுவிட்டுப் போகிற அற்ப வேலை இல்லை இது. அவர்களே நேரில் வந்தார்கள். தேர்தல் நாளன்று காலை ஆறரை மணிக்கு இடுகாட்டுக் கதவைத் திறந்துகொண்டு, செத்த அன்று உடுத்தியிருந்த உடுப்போடு நடந்து வந்தார்கள். வாக்குச்சாவடியாக இருந்த பள்ளிக்கூடத்தில் ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை, இவர்களுக்கென்று மூன்றாவதாக ஒரு வரிசை. தள்ளுமுள்ளு இல்லாமல் நகர்ந்த வரிசை அது ஒன்றுதான். விரலில் மை வைத்துக்கொண்டு, ஓட்டைப் போட்டுவிட்டு வெளியே வருவார்கள். மை காய்ந்ததும் இல்லாமல் போவார்கள். முதல் தடவை இதைப் பார்த்த தேர்தல் அதிகாரி சட்டப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, பட்டியலில் பெயர் இருந்தால் தடுக்க வழியில்லை என்று சொல்லி டீ குடிக்கப் போய்விட்டார்.

தொகுதியின் பிறப்பே அப்படி. அக்கம்பக்கத்துப் பெரிய தொகுதிகள் இரண்டும் தங்களுக்கு வேண்டாததையெல்லாம் ஒதுக்கித் தள்ளியபோது மிஞ்சியது ஒரு மில், ஒரு சந்தை, நடுவில் ஒரு இடுகாடு. இந்த மூன்றையும் சேர்த்துக் கோடு போட்டு எண் கொடுத்தார்கள். மில் பக்கம் வாளிச் சின்னத்துக்குப் போடும், சந்தைப் பக்கம் குடைக்குப் போடும். இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம், மில் பக்கம் ஒரு பிடி அதிகம். மிச்சம் இருந்தவர்கள் மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது பேர், எல்லோரும் இடுகாட்டுவாசிகள். உயிரோடிருக்கும்போது கடைசியாக எதற்குப் போட்டார்களோ அதற்கே செத்தபிறகும் போடுவது அவர்கள் வழக்கம். அவர்களில் பெரும்பாலானோர் குடையின் நல்ல காலத்தில் செத்தவர்கள். ஆகவே குடைக்காரர் தொடர்ந்து ஐந்து தடவை ஜெயித்தார். நன்றி மறக்காதவர் என்று தன்னைத்தானே மேடையில் சொல்லிக்கொள்வார், அதில் பொய்யில்லை. இடுகாட்டுக்குச் சுற்றுச்சுவர் கட்டினார், விளக்கு போட்டார், நடைபாதைக்குப் பளிங்குக் கல் இறக்கினார். மில் தெருவில் சாக்கடை வாசலேறி வந்தது. மருத்துவமனைக்கென்று கட்டி முடித்த கட்டடத்தில் பளிங்குக் கற்களை அடுக்கிப் பூட்டுப் போட்டு, சாவியைத் தன் வீட்டில் மாட்டிக்கொண்டார். டாக்டர் கேட்டு மக்கள் பதினெட்டு வருடம் மனு எழுதினார்கள். மனு எழுதுவதில் அவர்களை மிஞ்ச ஆள் கிடையாது, கையெழுத்தெல்லாம் முத்து முத்தாக இருக்கும்.

மில் தெருவில் ஒரு தையல்காரி இருந்தாள். வாசல் அறையில் மிஷினைப் போட்டுப் பள்ளிச் சீருடை தைப்பவள். அவள் கணவர் பஸ் கண்டக்டர், ஐம்பத்தோரு வயதில் பணிமனை பெஞ்சில் உட்கார்ந்தபடியே போனவர். போன அன்று அவர் காக்கிச் சட்டையின் இரண்டாவது பொத்தான் ஒரே நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. சாயந்திரம் தைத்துக்கொடுக்கிறேன் என்று காலையில் சொல்லி அனுப்பியிருந்தாள். அதற்குப்பின் வந்த இரண்டு தேர்தல்களிலும் ஊசியும் நூலுமாகப் போய், மூன்றாம் வரிசையில் அவர் பக்கத்தில் நடந்தபடியே அந்தப் பொத்தானைத் தைத்தாள். அடுத்த தடவை வரும்போது அது பழையபடி தொங்கும். யார் ஜெயித்தால் என்ன, தோற்றால் என்ன, அவளுக்குத் தேர்தல் என்பது ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கிடைக்கும் இரண்டு மணி நேரம். வரிசை மெதுவாக நகரவேண்டும் என்று வேண்டிக்கொண்டவள் தொகுதியிலேயே அவள் ஒருத்திதான். அவரோ பழக்கதோஷத்தில் முன்னால் போங்க, முன்னால் போங்க என்று எல்லோரையும் நகர்த்திக்கொண்டே இருப்பார்.

அந்த இரண்டாவது தேர்தலுக்கு முந்தைய வருடம் மகளுக்குப் பிரசவ வலி கண்டது. லாரி ஓட்டும் மருமகன் வெளியூரில். பெரிய மருத்துவமனைக்கு முப்பத்தெட்டு கிலோமீட்டர், பத்தொன்பது நிறுத்தம், எல்லாம் கண்டக்டர் இருபது வருடம் போய்வந்த தடம்தான். பதினோராவது நிறுத்தத்தில் குழந்தை பிறந்தது, அழவில்லை. பூட்டிக் கிடந்த கட்டடம் அவர்கள் வீட்டிலிருந்து நாலாவது தெரு. இதையெல்லாம் வரிசையில் நடந்தபடி கணவரிடம் சொல்லிவிட்டுத் தையல்காரி கேட்டாள்.

“இந்தத் தடவையாவது வாளிக்குப் போடுங்களேன். நம்ம பொண்ணுக்காக.”

“போடணும்னுதான் நெனைக்கிறேன். உள்ள போனா கை தானா குடைக்குப் போகுதே, நான் என்ன பண்ணுவேன்?”

உயிரோடு கடைசியாகப் போட்டதுபோலவே அவர் போட்டது குடைக்குத்தான். மை காய்ந்தது, போய்விட்டார்.

ஐந்து தடவை தோற்ற வாளிக்காரருக்கு ஆறாவது தேர்தலுக்கு முன்னால்தான் புத்தி வேலை செய்தது. பட்டியலில் இருப்பவர் இறந்துவிட்டார் என்று நெருங்கிய உறவினர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் பெயரை நீக்கிவிடலாம் என்று ஒரு படிவம் அத்தனை வருடமும் தாலுகா அலுவலகத்தில் கட்டுக் கட்டாகக் கிடந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனார். செத்தவர்களின் ஓட்டுப் போய்விட்டால் ஜெயிப்பது நிச்சயம், ஜெயித்த வாரமே பூட்டைத் திறந்து டாக்டரை உட்கார வைக்கிறேன் என்றார். மகள் அப்போது மறுபடியும் ஐந்து மாதக் கர்ப்பம். தையல்காரி படிவத்தை மூன்று முறை படித்தாள். அப்பா பேரை எடுக்கச் சொல்லி நான் கேட்கவே இல்லையே அம்மா என்று மகள் அழுதாள். நீ கேட்கவில்லை, நானாகத்தான் போடுகிறேன் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். பிறகு மிஷினில் உட்கார்ந்து, தைக்கவேண்டிய சீருடை நனையும்வரை அழுதாள். அவரை இனி ஒருபோதும் பார்க்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது பேருக்கும் யாராவது ஒருவர் இப்படிக் கையெழுத்துப் போட்டார்கள்.

பெயரை நீக்கிய சேதியை இறந்தவர்களுக்குச் சொல்லவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. தேர்தலன்று அவர்கள் வழக்கம்போல ஆறரைக்கே வந்து நின்றார்கள். வாளிக்கு ஓட்டுப் போட வந்த தையல்காரி மூன்றாம் வரிசையைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டாள். கண்டக்டரின் முறை வந்தபோது அதிகாரி பட்டியலில் ஸ்கேலை வைத்து மேலும் கீழும் தேடிவிட்டுக் கையை விரித்தார். டிக்கெட் இல்லாத எத்தனையோ பேரை இறக்கிவிட்டவர் என்பதால் கண்டக்டர் வாதாடவில்லை. வெளியே வந்து சுத்தமான விரலைப் பார்த்தார்.

“பேர் இல்லையாம்.”

“நான்தான் எடுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.”

“பாப்பாவுக்காகவா?”

“ம்.”

“அப்ப சரி,” என்றார்.

ஊசியை அவள் கொண்டுவரவில்லை. ஐந்து மணி ஆனது, ஆறு ஆனது. விரலில் மை வைத்தால்தானே காய்வதற்கு, காய்ந்தால்தானே போவதற்கு. அத்தனை பேரும் பள்ளி மைதானத்தில் கொஞ்ச நேரம் விழித்துக்கொண்டு நின்றுவிட்டு, வேறு போக்கிடம் தெரியாமல் அவரவர் வீட்டுக்கு நடந்தார்கள். அன்று சாயந்திரம் தைத்த பொத்தான் மறுநாள் காலையிலும் சட்டையில் இருந்தது.

அந்தத் தேர்தலிலும் குடைக்காரரே ஜெயித்தார், நூற்றிரண்டு ஓட்டில். செத்தவர்கள்தான் பட்டியலில் இல்லையே, இனி வாளி ஜெயித்த மாதிரிதான் என்று மில் பக்கத்தில் சில நூறு பேர் வீட்டில் கால்நீட்டிப் படுத்துவிட்டார்கள். வெயில் வேறு கொஞ்சம் கடுமையாம். வெயிலோ மழையோ, இடுகாட்டிலிருந்து ஒரு ஆள் ஒரு தேர்தலுக்குக்கூட வராமல் இருந்ததில்லை. முடிவு வந்தபின் மில் பக்கத்தார் செய்த முதல் காரியம் மனு எழுத உட்கார்ந்ததுதான்.

மூன்று மாதம் கழித்து ஒரு பிற்பகலில் மகளுக்கு வலி எடுத்தது. பஸ்ஸுக்கு ஆள் அனுப்பட்டுமா என்று எதிர்வீட்டார் கேட்டார்கள். கண்டக்டர் தெருவில் இறங்கி விசில் அடித்தார். மூன்றாம் வரிசை அப்படியே வந்து நின்றது. நாலாவது தெருவுக்குப் போய்ப் பூட்டை ஒரே போடாக உடைத்தார்கள், பளிங்குக் கற்களைக் கைமாற்றிக் கைமாற்றி வெளியே அடுக்கினார்கள். இருபது வருடத்துக்கு முன் காய்ச்சலில் செத்த நர்சம்மா, நின்றுபோன கைக்கடிகாரத்தோடு உள்ளே போய்க் கையைக் கழுவிக்கொண்டாள். பெண் குழந்தை, அழுத அழுகை சந்தை வரை கேட்டது. நர்சம்மாவின் கை மட்டும் ரொம்பச் சில்லென்று இருந்ததாக மகள் பின்னால் சொன்னாள். பூட்டை உடைக்கலாம் என்ற யோசனை பதினெட்டு வருடத்தில் உயிரோடிருந்த ஒருத்தருக்கும் வராதது பற்றி யாரும் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. குடைக்காரர் மறுவாரம் வந்து வாசலில் ரிப்பன் கட்டி வெட்டினார்.

ஆனால் நூற்றிரண்டு என்ற எண் அவர் தூக்கத்தைக் கெடுத்தது. ஆறு மாதமாக ஒரே முகவரியில் குடியிருப்பவர் யாராக இருந்தாலும் பட்டியலில் சேர்க்கலாம் என்று சொல்லி, கணக்கெடுக்க ஆள் அனுப்பினார். வந்தவர் தையல்காரியின் வாசல் அறையில் உட்கார்ந்தார். கண்டக்டர் மடியில் பேத்தியை வைத்துக்கொண்டு, மை படாத விரலால் அவள் கன்னத்தைத் தொட்டுக்கொண்டிருந்தார். வந்தவருக்கு டீ கொடுத்ததும் அவர்தான்.

“பதினெட்டு வயசுக்கு மேல இந்த வீட்டுல எத்தனை பேரும்மா?”

“மூணு பேருங்க. நான், பொண்ணு, மாப்பிள்ளை.”

“இவரு?”

தையல்காரி மிஷினை நிறுத்தவில்லை.

“அவரு செத்து பன்னெண்டு வருஷம் ஆச்சுங்க.”

வந்தவர் கண்டக்டரைப் பார்த்தார். கண்டக்டர் ஆமாம் என்று தலையாட்டினார். மூன்று என்று எழுதிக்கொண்டு, டீ நன்றாக இருந்தது என்று கண்டக்டரிடம் சொல்லிவிட்டு, வந்தவர் அடுத்த வீட்டுக்குப் போனார். அங்கேயும் அதே பதிலைத்தான் சொன்னார்கள்.